சாலை எல்லோருக்கும், ஸ்டியரிங் தகுதி உள்ளவருக்கு

2024 மே 19 அதிகாலை புனேயின் கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் மோதியதில், பைக்கில் போய்க்கொண்டிருந்த இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தார்கள். காரை ஓட்டியதாகப் பிடிபட்டவருக்கு வயது 17. காருக்கு நிரந்தரப் பதிவு எண்கூட இல்லை. அன்றே சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. சாலை விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு மாற்றப்பட்டது.

மக்களின் கோபம் அந்த 300 சொற்களைச் சுற்றியே நின்றுவிட்டது. அடியில் இருந்த கேள்வி பேசப்படவில்லை. கார் ஓட்டுவது பிறப்போடு வரும் உரிமையா, தகுதியைக் காட்டிப் பெற வேண்டிய அனுமதியா? சட்டக் கல்லூரி பட்டிமன்றத்துக்கு உரிய தலைப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நடப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லாதவர்கள் அவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. நாடு முழுவதும் தடையின்றிச் சென்றுவரும் சுதந்திரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது கூறு குடிமக்களுக்குத் தருகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 3ஆவது பிரிவோ, செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் பொது இடத்தில் எவரும் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்குப் போவது என் உரிமை. ஒன்றரை டன் எடையுள்ள இயந்திரத்தை நானே 100 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்திக்கொண்டு போவது வேறு விஷயம். அதில் என் உயிரோடு பிறர் உயிரும் சேர்ந்திருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இதற்கான அடிப்படையை 1954லேயே போட்டுவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் பேருந்துப் போக்குவரத்தை அரசே ஏகபோகமாக எடுத்துக்கொள்ள முயன்றபோது, தனியார் பேருந்து உரிமையாளர்கள் தொடுத்த சாகிர் அகமது வழக்கு அது. நீதிபதி பி.கே.முகர்ஜியா எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: சாலைகள் அரசின் பொறுப்பில் இருந்தாலும் அரசு அவற்றின் எஜமானன் அல்ல, மக்களின் சார்பில் பராமரிக்கும் அறங்காவலர். சாலையைப் பயன்படுத்துவது மக்களின் உரிமை. அந்த உரிமைக்கு எல்லை, அதே சாலையில் மற்றவர்களுக்கும் உள்ள அதே உரிமை. பொது நலனுக்காக அறங்காவலர் கட்டுப்பாடுகள் விதிக்கலாம்.

என் கருத்தும் இந்தத் தீர்ப்பை ஒட்டியதுதான். சாலை உரிமை, ஓட்டுவது அனுமதி. ஆனால் அந்த அனுமதி அரசின் தயவு அல்ல. தகுதி உள்ளவருக்கு மறுக்கவும் கூடாது, தகுதி இல்லாதவருக்கு விற்கவும் கூடாது. நம் நாட்டில் இரண்டுமே நடந்திருக்கின்றன.

விற்பதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மரியன் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நான்கு பொருளாதார அறிஞர்கள் டெல்லியில் லைசென்ஸ் எடுக்க வந்த 822 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவுகள் 2007இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு, சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சக் காலத்தை ஒட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால் ஊக்கத் தொகை. இன்னொரு பிரிவினருக்கு இலவசமாக ஓட்டுநர் பயிற்சி. மூன்றாம் பிரிவினரை அப்படியே விட்டுவிட்டார்கள். ஊக்கத் தொகை அறிவிக்கப்பட்டவர்களில் பலர் புரோக்கரிடம் போனார்கள், கூடுதல் பணம் கொடுத்தார்கள், ஓட்டத் தெரியாமலேயே லைசென்ஸோடு திரும்பினார்கள். லஞ்சப் பணம் நேரடியாக அதிகாரியின் கைக்குப் போகவில்லை, எல்லாம் இடைத்தரகர் வழியாகவே நடந்தது. அந்தத் தரகர்களால் ஓட்டுநர் தேர்வையே தவிர்க்க முடிந்தது. சட்டப்படியான காத்திருப்பு நாட்களைக் குறைப்பதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. காகிதத்தில் பதிவாகும் விதி தப்பித்தது, உயிரைக் காக்கும் விதி போய்விட்டது.

தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. மைதானம் ஒன்றில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. எல் போர்டு மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார் வரிசையாக நிற்கும். தேர்வுக்கு வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். இடப்பக்கம் பயிற்சியாளர். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். "நீங்க ஸ்டியரிங்கை மட்டும் நேரா பிடிங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்." வண்டி முதல் கியரில் நகரும், இரண்டாவதுக்கு மாறும், கொஞ்ச தூரத்தில் நிற்கும். "இறங்குங்க, அடுத்த ஆள்." கையெழுத்து விழுந்துவிடும். அடுத்த வாரம் அவர் நான்குவழிச் சாலையில் இரவு மழையில் லாரியை முந்தப் போகிறவர். எதிரே வரும் ஹெட்லைட் கண்ணைக் கூசும்போது என்ன செய்வது என்று அவரை யாரும் கேட்டதில்லை. நேர்மையாகத் தேர்வு நடத்தும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு காலையில் வந்து நிற்கும் கூட்டத்தையும் கையில் உள்ள நேரத்தையும் வைத்துப் பார்த்தால், நேர்மையான ஆய்வாளராலும் ஒருவரை உருப்படியாகச் சோதிக்க முடியாது.

கொடுத்த அனுமதியைத் திரும்பிப் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, 30 வயதுக்குள் லைசென்ஸ் எடுப்பவருக்கு அது 40 வயது வரை செல்லும். 19 வயதில் வாங்கினால் 21 ஆண்டுகள் அவர் பார்வை எப்படி இருக்கிறது, பழக்கம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டியவர் மருத்துவச் சான்றிதழ் வைக்க வேண்டும். அது எப்படிக் கிடைக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். பிரிட்டனில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் முதல் இரண்டு ஆண்டுகளில் 6 தண்டனைப் புள்ளிகள் சேர்த்துவிட்டால் அது ரத்தாகும், மறுபடி முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். 70 வயதுக்கு மேல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அனுமதி என்றால் அப்படித்தான் இருக்கும்.

இனி மறுப்பது பற்றி. ஓட்டத் தெரியாதவர்கள் புரோக்கர் வழியாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், காது கேளாதவர்கள் தேர்வு மைதானத்துக்குள்ளேயே வர முடியாமல் இருந்தார்கள். 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, அவர்களையும் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும், தேறினால் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றது. லேசான, நடுத்தர அளவிலான நிறக்குருடு உள்ளவர்களுக்குக் கதவு திறக்க 2020 ஜூன் ஆனது. சவூதி அரேபியாவில் பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கப்பட்ட அனுமதி 2018 ஜூன் 24இல்தான் கிடைத்தது. அதற்காக 1990லேயே ரியாத் வீதிகளில் காரோட்டிக் கைதான பெண்கள் உண்டு. 'ஓட்டுவது சலுகைதான்' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளும் அரசுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இவை சாட்சி. தேர்வுக்கு வந்து நிற்பதும், தேறினால் லைசென்ஸ் பெறுவதும் ஒவ்வொருவரின் உரிமை.

பறிக்கும்போதும் முறை வேண்டும். அமெரிக்காவில் 1971இல் தீர்ப்பான பெல் வழக்கை இங்கே சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தின் மூன்று கிராமப்புற ஊர்களுக்குக் காரில் சென்று ஊழியம் செய்துவந்த மதபோதகர் பெல். சைக்கிளில் வந்த 5 வயதுச் சிறுமி அவர் காரின் பக்கவாட்டில் மோதினாள். அவரிடம் காப்பீடு இல்லை. தவறு யார் மீது என்று கேட்காமலேயே லைசென்ஸை முடக்க மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது. கூடாது என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். உரிமை என்று பெயர் வைத்தாலும் சலுகை என்று பெயர் வைத்தாலும், ஒருவரின் பிழைப்புக்கு இன்றியமையாததாகிவிட்ட ஒன்றை முறையான விசாரணை இல்லாமல் பறிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆவது பிரிவும், லைசென்ஸை ரத்து செய்யும் முன் உரியவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்றே சொல்கிறது.

இது டாக்ஸி ஓட்டுபவருக்கும் சரக்கு வேன் ஓட்டுபவருக்கும் வாழ்வா சாவா என்ற விஷயம். சொந்தக் கார் வைத்திருப்பவரின் லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கினால் அவர் ஒரு டிரைவரை வைத்துக்கொள்வார். கால் டாக்ஸி ஓட்டுபவருக்கு அது மூன்று மாதப் பட்டினி, கட்டாத மாதத் தவணை, வாசலில் நிற்கும் நிதி நிறுவனத்து ஆள். குடித்துவிட்டு ஓட்டினால் இருவரையும் தடுக்கத்தான் வேண்டும், அதில் இரக்கத்துக்கு இடமில்லை. ஆனால் எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு காலம் என்பது அதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததாக இருந்தால், அடி முழுவதும் ஏழை ஓட்டுநர் முதுகில்தான் விழும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கார் இல்லாமல் வாழவே முடியாத ஊரில் லைசென்ஸைப் பறிப்பது வீட்டுச் சிறைக்குச் சமம். அமெரிக்காவின் பல ஊர்கள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே ஆபத்தான ஓட்டுநரைத் தடுக்கவே நீதிபதி தயங்க வேண்டியிருக்கும். நல்ல பேருந்து வசதி உள்ள ஊரில் அந்தத் தயக்கம் வேண்டாம். குக்கிராமம் வரை அரசுப் பேருந்து போன மாநிலம் தமிழ்நாடு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் இருக்கிறது. நம்முடைய இந்தப் பலத்தை, நகரங்கள் விரியும் வேகத்தில் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். புறநகரில் வீடு வாங்கியவர் முக்கியச் சாலைக்கு வர வண்டியே கதி என்றாகும்போது, லைசென்ஸ் அவருக்கு ரேஷன் கார்டு போன்ற தேவையாகிவிடுகிறது. அந்த நிலையில் தேர்வைக் கடுமையாக்க எந்த அரசுக்கும் துணிவு வராது.

சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012இல் பொதுநல வழக்குத் தொடுத்தவர் கோவையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் மருத்துவர் எஸ்.ராஜசேகரன். அந்த வழக்கின் விளைவாக அமைந்த சாலைப் பாதுகாப்புக் குழுதான், அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுவது, ஓட்டும்போது செல்போன் பேசுவது, குடிபோதை போன்ற குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை முடக்கும்படி 2015இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அதே வழக்கில் 2025 மே மாதம், நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு காக்கும் உரிமை என்றது. உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்த உரிமை அது. கார் ஓட்டுவது அந்த வகை உரிமை அல்ல.

நம் தெருக்களில் நிலைமை தலைகீழ். நடைபாதையில் கார் நிற்கிறது, நடப்பவர் சாலையில் இறங்கிப் போகிறார். பள்ளி முன்னால் குழந்தையோடு சாலையைக் கடக்கும் தாய், கை காட்டிக் கெஞ்சி அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு உடனே செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு ஓட்டுநர் தேர்வையும் வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் கேமராவில் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும். பயிற்சியாளரின் பெடலை எட்டாத இடத்தில் வைத்துத்தான் தேர்வு நடத்த வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்துத் தேறியவருக்கு ஆர்.டி.ஓ. தேர்விலிருந்து விலக்கு உண்டு என்று மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதியைக் கவனமாகக் கையாள வேண்டும். அந்த மையங்களில் 29 மணி நேரப் பயிற்சி என்பது நல்ல ஏற்பாடு, ஆனால் கற்றுக்கொடுப்பவரே தேர்ச்சிச் சான்றும் கொடுப்பது சரியல்ல. ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகமும் மாதந்தோறும் எத்தனை பேரைச் சோதித்தது, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது, எத்தனை லைசென்ஸை எந்தக் காரணத்துக்காக முடக்கியது என்பதை வெளியிட வேண்டும். எவரும் தோற்காத தேர்வு நடக்கும் அலுவலகத்தில் முதலில் விசாரணை நடத்துங்கள்.