தாத்தாக்கள் ஓட்டி வந்த கப்பல்!

72 வயசுல ஒருத்தர் என்ன பண்ணுவார்? காலையில வாக்கிங், அப்புறம் பேப்பர், மாத்திரை டப்பா, டி.வி. முன்னாடி ஒரு குட்டித் தூக்கம்... அப்படித்தானே நினைக்கிறீங்க? சராசரியா அந்த வயசுல இருந்த 29 பேர், 2000-ம் வருஷக் கடைசியில ஒரு பழைய போர்க்கப்பலை கிரீஸ்ல இருந்து அமெரிக்காவுக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அதுவும் குளிர்காலத்துல, அட்லான்டிக் கடலைக் கடந்து!

கப்பலோட பேர் ஒண்ணும் கெத்தா இருக்காது. எல்.எஸ்.டி. 325. டாங்கிகளைக் கரையில இறக்குற கப்பல்ங்கிறதோட இங்கிலீஷ் சுருக்கம்தான் எல்.எஸ்.டி. சிம்பிளா சொன்னா, கடல்ல ஓடுற லாரி. 328 அடி நீளம், அடிப்பாகம் தட்டை. இதுக்குத் துறைமுகமே தேவையில்லை. நேரா மணல் மேல ஏறி நிக்கும். மூக்குல இருக்கிற ரெண்டு கதவும் திறக்கும், சாய்தளம் இறங்கும், டாங்கி, லாரி, ஜீப் எல்லாம் கரைக்கு ஓடிடும். சரி, திரும்பிப் போறது எப்படி? அங்கதான் மூளை! கரையை நெருங்கும்போதே பின்பக்க நங்கூரத்தைக் கடல்ல போட்டுட்டு வந்திருக்கும். அந்தக் கம்பியைச் சுத்தி இழுத்தா, கப்பல் தன்னைத் தானே பின்னுக்கு இழுத்துக்கும்.

ஆனா, தட்டையான அடிப்பாகத்துக்கு ஒரு விலை உண்டு. நடுக்கடல்ல அலை வந்தா இந்தக் கப்பல் தொட்டில் மாதிரி ஆடும். வேகமும் ரொம்ப சுமார், மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டாது. எதிரி குறி பார்த்து அடிக்க வசதியா பெருசா, மெதுவா போகுதுன்னு அதுல வேலை பார்த்த மாலுமிங்களே கிண்டல் பண்ணுவாங்க.

அந்த ஆமைதான் 1943-ல சிசிலிக்கும் இத்தாலிக்கும் போச்சு. 1944 ஜூன்ல பிரான்ஸோட நார்மண்டி கடற்கரைக்குப் போச்சு. அங்கே நடந்த படையிறக்கம் இரண்டாம் உலகப் போரையே திருப்பிப் போட்ட சம்பவம். இங்கிலாந்துக்கும் நார்மண்டிக்கும் நடுவுல 40 தடவைக்கு மேல போய்ட்டு வந்திருக்கு 325. போகும்போது வண்டிங்க, வரும்போது காயம்பட்ட வீரர்கள். அதே வருஷம் டிசம்பர்ல எம்பயர் ஜாவலின்ங்கிற படைக்கப்பல் மூழ்கினப்போ, சுமார் 700 பேரைக் காப்பாத்தினதும் இதேதான்.

போர் முடிஞ்சது. ஆயிரத்துக்கும் மேல கட்டின எல்.எஸ்.டி.க்கள்ல பெரும்பாலானது பழைய இரும்பா போச்சு. 325 1964-ல கிரீஸ் கடற்படைக்குப் போய், சைரோஸ்ங்கிற பேர்ல 1999 வரைக்கும் உழைச்சுது. அதுக்கப்புறம்தான் நம்ம தாத்தாக்கள் என்ட்ரி. இந்த ரகக் கப்பல்கள்ல வேலை பார்த்த முன்னாள் மாலுமிகள் சேர்ந்து, 2000-ல இதைக் கேட்டு வாங்கினாங்க. கிரீட் தீவுல சூடா விரிகுடாவுல, கொளுத்துற வெயில்ல, மாசக்கணக்கா துருவைச் சுரண்டி, இன்ஜினை நோண்டி, பைப்பை மாத்தி வேலை பார்த்தாங்க. கேப்டன் ராபர்ட் ஜார்ன்லின் யார் தெரியுமா? கடற்படையில இருந்துட்டு வந்து இல்லினாய்ல விவசாயம் பார்த்துக்கிட்டு இருந்தவர்!

இந்தக் கப்பல் அட்லான்டிக்கைத் தாங்குமான்னு அதிகாரிகளுக்கே சந்தேகம். 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா?'ன்னு கேட்டவங்களையும் குறை சொல்ல முடியாது. உயிரோட விளையாடுற வேலைதானே? ஆனாலும் நவம்பர்ல கிளம்பினாங்க. ஜிப்ரால்டர்ல நிறுத்தி, மறுபடியும் டிசம்பர்ல புறப்பட்டு, 2001 ஜனவரி 10-ல அலபாமா மாநிலத்து மொபைல் துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சாங்க. மொத்தம் 6,500 மைல்!

எதுக்காக இவ்வளவு? போட்டோ இருக்கு, புத்தகம் இருக்கு, சினிமாகூட இருக்கேன்னு கேக்கலாம். ஆனா எந்த வால்வை எப்பத் திறக்கணும், மணல்ல ஏறும்போது நங்கூரத்தை எந்த நேரத்துல விடணும்... இதெல்லாம் புத்தகத்துல படிச்சா மட்டும் வராது. கை பழகணும். தெரிஞ்ச கை இருக்கும்போதே அடுத்த கைக்கு மாறணும். இன்னிக்குக் கணக்குப் போட்டா, அந்த 29 பேரோட சராசரி வயசு 95-ஐத் தாண்டியிருக்கும். ஆனா, கப்பல் ஓடுது! 2005-ல இருந்து இண்டியானா மாநிலத்து எவன்ஸ்வில்தான் அதோட வீடு. போர்க்காலத்துல 167 எல்.எஸ்.டி. கட்டின ஊர் அது. அங்கே ஓஹியோ ஆத்தங்கரையில மியூசியமா நிக்குது. போரையே பார்க்காத தலைமுறைத் தன்னார்வலர்கள் இன்ஜினைக் கிளப்பி, ஆத்து வழியா ஊர் ஊரா ஓட்டிக்கிட்டுப் போய்ட்டும் வர்றாங்க.

நம்ம நாட்டுக் கதையையும் பார்த்துடுவோம். 1971 போர்ல பேர் வாங்கின நம்ம முதல் விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த். 1997-ல ஓய்வு. அப்புறம் மும்பையில மியூசியமா நின்னுச்சு. பாதுகாப்பு இல்லைன்னு 2012-ல மூடினாங்க. பராமரிக்கக் காசில்லைன்னு சுமார் 60 கோடிக்கு வித்து, 2014-ல உடைச்சாங்க. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் காப்பாத்த முடியலை. அதோட இரும்புல கொஞ்சம் 2016-ல பஜாஜ் வி பைக்கோட பெட்ரோல் டேங்குக்குப் போச்சு. ஹீரோவா இருந்த கப்பல் போயிடுச்சு. சரக்கடிச்ச லாரி பிழைச்சுக்கிச்சு! லாரிக்குக் கிடைச்சது சட்டையைக் கழட்டிட்டு இன்ஜின் ரூமுக்குள்ள இறங்கின ஒரு கூட்டம்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், கப்பல் வாங்கச் சொல்லலை! உங்க காலேஜ் ஒர்க்ஷாப்ல ஒரு பழைய லேத் இருக்கும். அதோட சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்ற ஒரு அண்ணன் இருப்பார். அவருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்டா இருக்கலாம். ஃபேர்வெல்ல சால்வை போட்டு போட்டோ எடுத்துக்கிறது எப்பவும் நடக்கிறதுதான். அதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் போய், "அண்ணே, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க"ன்னு நில்லுங்க. மெஷின் தப்பிக்க அது போதும்!