பட்டனை அமுக்கினால் மட்டும் போதுமா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை. இண்டக்ஷன் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மருமகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வரவே, ஓடிப்போய் 'ஆஃப்' பட்டனை அமுக்கினாள். அடுப்பு நிற்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினாள். ஊஹூம்! பால் மேடையெல்லாம் வழிந்து கீழே சொட்டுகிறது. மூன்று வயதுப் பேத்தி வேடிக்கை பார்க்க ஓடி வருகிறாள். நான் ஒரு கையால் குழந்தையை இழுத்துக்கொண்டு, மறு கையால் சுவர் சுவிட்சைத் தட்டினேன். அடுப்பு அடங்கியது.

"எனக்கு அது தோணவே இல்லையே, அத்தை!" என்றாள் மருமகள், படபடப்புடன்.

அடுப்பைப் பார்க்க வந்த ஆள், "போர்டையே மாத்தணும்மா" என்றார். அவர் சொன்ன தொகையில் பாதிப் புது அடுப்பே வாங்கிவிடலாம்! எனக்கு மனசு வரவில்லை. தெருக்கோடியில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் தம்பியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அடுப்பைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்னஞ்சிறு சதுரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதுதாம்மா உங்க வில்லன்" என்றார். பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர்தான். துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே!

நாம் மேலே தொடும் வழவழப்பான தாளுக்கு அடியில், ஒவ்வொரு பட்டனுக்கும் இப்படி ஒரு குட்டி சுவிட்ச் ஒளிந்திருக்கிறது. அதற்குள்ளே கவிழ்த்த கிண்ணம் போல் ஒரு மெல்லிய உலோகத் தகடு. தகர டப்பா மூடியின் நடுவை அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போய், விரலை எடுத்ததும் மேலே எழும்புகிறதல்லவா? அதே வித்தைதான். அமுக்கும்போது தகடு கீழே படிந்து இரண்டு முனைகளைச் சேர்க்கிறது, விட்டதும் பிரிந்துவிடுகிறது. வாசல் காலிங் பெல் பட்டனும் இந்த ஜாதிதான். பால்பாயிண்ட் பேனா மாதிரி, ஒருமுறை அமுக்கினால் அப்படியே நிற்கிற பட்டன் வேறு ரகம்.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "இத்தனூண்டு சாமான் எப்படித் தம்பி அவ்வளவு பெரிய அடுப்பை நிறுத்துது?"

"அது நிறுத்தலைம்மா. நிறுத்தச் சொல்லுது."

அவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். இந்தக் குட்டி சுவிட்ச் தாங்குவதோ பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குதான். ஆகவே அடுப்பின் மின்சாரம் இதன் வழியாகப் போவதே இல்லை. 'பட்டனை அமுக்கினார்கள்' என்ற சேதியை மட்டும் இது உள்ளேயிருக்கும் 'சிப்'புக்குச் சொல்கிறது. சிப்தான் அடுப்பை நிறுத்துகிறது. சேதி போகாவிட்டால் நாம் எத்தனை அமுக்கு அமுக்கினாலும் பயன் இல்லை.

அந்தச் சேதியிலும் ஒரு வேடிக்கை. கரண்டி கீழே விழுந்தால் 'டங்' என்று ஒரே சத்தமாகவா கேட்கிறது? 'டங், டிங், டிங்' என்று துள்ளித்தானே அடங்குகிறது! தகடும் அப்படியே கண நேரம் துள்ளும். அதைப் பல அமுக்கலாக எண்ணிவிடாமலிருக்க, சிப் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறது.

சாதாரணமாக இந்த சுவிட்ச் ஒரு லட்சம் அமுக்கல் வரை உழைக்கும் என்பார்கள். தினம் 50 தடவை அமுக்கினால் ஐந்து வருஷத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் சமையலறையில் நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே இறங்கி, அதற்கு முன்பே அதைக் கெடுத்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். புது சுவிட்சின் விலை ஒரு காபிக்குக்கூடக் காணாது. தம்பியின் கூலிதான் செலவு.

சகோதரிகளே, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்:

1. பட்டனை விரலின் சதையால் மெதுவாக அமுக்குங்கள். நகமும் கரண்டிக் காம்பும் வேண்டாம். 150 கிராம் எடை வைத்த அளவு அழுத்தமே போதும்.

2. அவ்வளவு அழுத்தம் குழந்தையின் விரலுக்கும் உண்டு என்பதை மறக்காதீர்கள்! பாத்திரம் மேலே இருந்தால் அடுப்பு சூடாகிவிடும். உபயோகிக்காத நேரத்தில் சுவர் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.

3. நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

4. இரண்டு மூன்று தடவை அமுக்கினால்தான் கேட்கிறதா? ஒருமுறை அமுக்கினால் இரண்டாக எண்ணுகிறதா? சுவிட்ச் கெட ஆரம்பித்துவிட்டது. உடனே பழுது பாருங்கள்.

5. சமையல் முடிந்ததும் பட்டனால் அணைத்து, உள்ளே விசிறி நின்ற பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். ஆபத்து நேரத்தில் விசிறியைப் பார்க்காதீர்கள். நேரே சுவருக்குப் போங்கள்.

6. அடுப்பை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

எங்கள் வீட்டில் சுவர் சுவிட்சுக்கு முன்னால் எப்போதும் புளி ஜாடி உட்கார்ந்திருக்கும். அன்று தற்செயலாக அதைக் கழுவி வெயிலில் வைத்திருந்தேன். இப்போது ஜாடிக்கு அலமாரியில் இடம் கொடுத்துவிட்டாள் மருமகள். உங்கள் வீட்டு சுவிட்சுக்கு முன்னால் என்ன இருக்கிறது? இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!