பிரிவைத் தேர்ந்தெடுக்க ஓராண்டு கொடுங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான்: "அடுத்து என்ன எடுக்கப்போறே?" "இன்னும் முடிவு பண்ணல" என்று பிள்ளை சொன்னால் பெற்றவர்களின் முகம் வாடிவிடுகிறது. பதினேழு வயதில் அப்படிச் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. சிவில் பொறியாளர் ஒருவர் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார் என்று பார்த்தே இராத பிள்ளை, வேறு என்ன சொல்ல முடியும்?

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. அதை வைத்துத் தரவரிசை, பிறகு ஆன்லைனில் சாய்ஸ் ஃபில்லிங். சில நாள்களுக்குள் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பூட்டிவிட வேண்டும். போன வருடக் கட்-ஆஃப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டரில் அப்பா ஒருபுறம், மாமா ஒருபுறம் நிற்க, நடுவில் உட்கார்ந்திருக்கும் மாணவி 'ஈசிஇ-யா, ஐடி-யா' என்று திணறுகிறாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. கிடைத்த மார்க்குக்கு எது உயரமோ அதைப் போடு என்பதே கடைசியில் முடிவாகிறது.

அப்துல் கலாமின் கதையில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் அவர் இயற்பியல் படித்தார். வேறு என்னென்ன படிப்புகள் உண்டு என்றே அப்போது தெரியாது என்றும், பட்டம் வாங்கிய பிறகுதான் இயற்பியல் தனக்கானதல்ல என்று புரிந்தது என்றும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்கிறார். குரோம்பேட்டை எம்ஐடியில் சேரப் பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

அந்த வளாகத்தில் பறக்கும் காலம் முடிந்த இரண்டு விமானங்களை, பாகங்களை விளக்கிக் காட்டுவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பாராம். முதலாண்டு முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, யோசிக்காமல் விமானப் பொறியியலை எடுத்தார். ஏற்கெனவே பட்டம் பெற்று வந்தவர்களுக்கே ஓராண்டு பார்த்துப் பழகி முடிவெடுக்க அவகாசம் கொடுத்தது அன்றைய எம்ஐடி. இன்று பள்ளியை விட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த அவகாசம் இல்லை.

துறையை மாற்றிக்கொண்டவர் கலாம் மட்டுமல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியல் படித்து, அமெரிக்காவில் 1976-ல் அதே துறையில் முனைவர் பட்டமும் பெற்றவர். அதன் பிறகு சான் டியாகோவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 2009-ல் அவருக்குக் கிடைத்த நோபல், வேதியியலுக்கானது.

துறை மாறுவது மேதைகளுக்குச் சரி, நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்கலாம். ஆகும். பி.எஸ்சி. முடித்தவர் தகுதியிருந்தால் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர முடியும். எந்தப் பட்டதாரியும் மூன்றாண்டுச் சட்டப்படிப்புக்கு முயலலாம்; குரூப் 1 தேர்வும் எழுதலாம். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டவருக்குப் பொறியியலின் பெரும்பாலான கதவுகள் மூடிவிடுகின்றன. எனவே முடிவெடுக்க முடியாத பிள்ளை, அதிகக் கதவுகளைத் திறந்து வைக்கும் படிப்பை எடுப்பதே நல்லது. விடுமுறையில் ஒரு பட்டறையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒரு வாரம் கூட நின்று பார்த்தால், பத்து விளம்பரப் புத்தகங்கள் சொல்லாதது விளங்கும்.

இந்தச் சுமையைப் பிள்ளைகள் தலையில் மட்டும் வைப்பது நியாயமல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான், தமிழர் மரபு. பாடம் பொதுவாக இருக்க முடியுமென்றால் பிரிவை மட்டும் முன்கூட்டியே பூட்டுவானேன்? முதலாண்டு முடிந்து தேர்ந்தெடுக்கலாம் என்றால் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்சுக்கே ஓடிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் இடங்களுக்கு வரம்பு இருக்கிறது. அந்த இடங்களை முதலாண்டு மதிப்பெண், இடஒதுக்கீட்டு விதிகள் ஆகியவற்றின்படி நிரப்பினால் போதும்.

உயர்கல்வித் துறையும் அண்ணா பல்கலைக்கழகமும் அடுத்த கலந்தாய்வுக்கு முன்பே இதைப் பரிசீலிக்க வேண்டும். முதலில் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களில் தொடங்கிப் பார்க்கலாம். கலாம் படித்த எம்ஐடி இன்று அவற்றில் ஒன்று.