குண்டு எங்கே போய் நிற்கும்?

இங்கிலாந்தில் மானை ஷாட்கன்னால் சுடுவது குற்றம். பயிரைக் காக்க நிலத்துக்குரியவருக்குத் தரப்பட்ட விலக்கை விட்டால் ரைபிள்தான் வேண்டும். அட்லாண்டிக்கைக் கடந்து மாசசூசெட்ஸ் போனால் ரைபிளால் மானைச் சுடுவது குற்றம். அங்கே ஷாட்கன், குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, வில் ஆகியவையே செல்லும். இரண்டு சட்டங்களும் யோசித்து எழுதப்பட்டவைதான். ஒன்றை எழுதியவர் மானைப் பார்த்துக்கொண்டிருந்தார், மற்றொன்றை எழுதியவர் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேட்டை விதிகளைப் படிக்கும்போது ‘ஊருக்கு ஒரு சட்டமா’ என்று அலுத்துக்கொள்வது நம் துறையில் வழக்கம். எனக்கு அந்த அலுப்பில் உடன்பாடில்லை. நிலமும் குடியிருப்பும் மாறும் இடத்தில் விதியும் மாறத்தான் வேண்டும். நீலகிரிக்கென்று மட்டும் சென்னை மாகாணம் 1879இல் ஒரு வேட்டைச் சட்டம் போட்டது. அதை யாரும் விந்தையாகப் பார்க்கவில்லை. 1972இன் வனஉயிர்ச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை நமக்கு வெளியூர்ச் சங்கதிதான். ஆனால் விதி எழுதும் வேலை வெளியூர்ச் சங்கதி அல்ல, ஆகவே இந்தப் பேச்சு.

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களை எடுத்துக்கொள்வோம். ஒஹாயோவில் 1904 வாக்கில் வெள்ளைவால் மான் பூண்டோடு அழிந்திருந்தது. திரும்பக் கொண்டுவந்து, பெருகவிட்டு, வேட்டைப் பருவத்தை மறுபடி திறந்தது 1943இல். இண்டியானா 1951இல் திறந்தது, அயோவா 1953இல், இல்லினாய் 1957இல். இப்படித் திறந்தது காட்டை அல்ல, பெரும்பாலும் மக்காச்சோளக் கொல்லையை. பழைய பனிப்பாறைகள் தேய்த்துத் தட்டையாக்கிய சமவெளி அது. அறுவடை முடிந்த கார்த்திகை, மார்கழியில் குண்டைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. தொடுவானத்தில் பண்ணை வீடும் சாலையும்தான் தெரியும். அங்கே ரைபிளைக் கொடுக்க அதிகாரிகள் தயங்கியது இயல்பு. ஷாட்கன்னில் ஒற்றைக் குண்டான ஸ்லக் போட்டுச் சுடு என்றார்கள். குண்டைச் சுழலவைக்கும் உள்வரி இல்லாத குழலிலிருந்து கிளம்பிய அன்றைய ஸ்லக், நூறு கெஜத்துக்கு மேல் குறியை எட்டும் என்று யாரும் நம்பவில்லை. மிச்சிகனிலோ ஒரே மாநிலத்துக்குள் இரண்டு நடைமுறை: வடக்கே காட்டில் ரைபிள், தெற்கே வயல்வெளியில் கட்டுப்பாடு.

பிறகு துப்பாக்கி மாறியது. ஷாட்கன்னுக்கும் உள்வரிக் குழல் வந்தது. குண்டுக்கு உறை போட்டுச் சுழலவைக்கும் ஸ்லக் வந்தது. எட்டும் தூரம் ஏறக்குறைய இரட்டித்தது. விதிப் புத்தகத்தில் ‘ஷாட்கன்’ என்ற சொல் மட்டும் அசையாமல் இருந்தது. ரைபிளுக்கு மாற்றாகச் சொன்ன கருவி ரைபிளைப் போலவே ஆகிவிட்டதைப் பலர் கவனிக்கவே இல்லை.

பென்சில்வேனியா கவனித்தது. அந்த மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்றுக்காக 2007இல் வெளியான ஆய்வு மூன்று துப்பாக்கிகளையும் கணக்குப் போட்டுப் பார்த்தது. குழலை 35 பாகை உயர்த்திச் சுட்டால் .30-06 ரைபிள் குண்டு 13,926 அடி போகிறது. ஸ்லக் 10,378 அடி. குழல்வாய்த் துப்பாக்கியின் குண்டு 9,197 அடி. இதுவரை எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் வானத்தைப் பார்த்து யார் மானைச் சுடுகிறார்கள்? நிலத்துக்கு இணையாகச் சுடுவதாக வைத்துக் கணக்கிட்டபோது முடிவு புரண்டது. தரையில் பட்டுத் தெறித்த ஸ்லக், ரைபிள் குண்டையும் தாண்டிப் போனது. எந்த ஆபத்தைக் குறைக்க அரை நூற்றாண்டு ஷாட்கன்னைக் கட்டாயமாக்கினார்களோ, அந்த ஆபத்து சில சூழலில் அதனாலேயே கூடுகிறது.

இதற்குப் பின் மாநிலங்கள் பிடித்த வழி எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. நேர்ச்சுவர்க் கூடு கொண்ட தோட்டாக்களுக்கு, அதாவது கழுத்து குறுகாத, மருந்து குறைவாகக் கொள்ளும் தோட்டாக்களுக்கு, ஒஹாயோவும் தென் மிச்சிகனும் 2014இல் இடம் கொடுத்தன. மிச்சிகன் விதியில் கூட்டின் நீளம் 1.16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 1.80 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குண்டின் விட்டம் 0.35 அங்குலமாவது இருக்க வேண்டும். 2019இல் வின்செஸ்டர் நிறுவனம் ‘350 லெஜண்ட்’ என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. அதன் கூட்டின் நீளம் 1.71 அங்குலம். சட்டைக்கு அளவெடுப்பதுபோல விதிக்கு அளவெடுத்துத் தைத்த தோட்டா! நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று விதி சொல்லவில்லை, கூட்டின் நீளத்தைத்தான் சொன்னது. இல்லினாய் 2023இல் இதே வகைத் தோட்டாவை ஏற்றபோது ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும் துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி என்றது. வபாஷ் ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குள் கால் வைத்தால் அந்த நிபந்தனை இல்லை. ஆற்றின் இரு கரையிலும் ஒரே சமவெளிதான். வேறுபாட்டுக்கு நிலம் காரணம் அல்ல என்று இங்கே துணிந்து சொல்லலாம்.

வர்ஜீனியாவின் சில கவுண்டிகளில் வேறு மாதிரி ஒரு விதி உண்டு. தரையிலிருந்து 10 அடியாவது உயர்ந்த பரணில் இருந்து சுட்டால் ரைபிள் செல்லும், தரையில் நின்று சுட்டால் செல்லாது. படித்த மாத்திரத்தில் காரணம் விளங்கிவிடுகிறது: மேலிருந்து கீழே சுட்டால் மானைத் தவறவிட்ட குண்டும் மண்ணில் புதையும். துப்பாக்கியின் பெயரைப் பற்றி இந்த விதிக்குக் கவலை இல்லை, குண்டு எங்கே நிற்கும் என்பதுதான் கவலை. நாளை எந்தத் தோட்டா வந்தாலும் இதைத் திருத்த வேண்டியதில்லை. மாநில, மாவட்ட விதிகளை வரைபவர்கள் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பக்கத்தில், இது தவறிப்போகும் குண்டுக்காகவா, மான் வதைபடாமல் சாவதற்காகவா, அண்டை வீட்டார் அச்சத்துக்காகவா என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும் என்பதே எம் கோரிக்கை. மூன்றாவது காரணமும் காரணம்தான். அதை முதலாவதாக வேடம் கட்டி நிறுத்துவதுதான் தப்பு.

காரணம் தெரிந்தால், விதியில் எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது என்பதும் தெரியும். ஸ்காட்லாந்தில் 1985இல் வந்த ஆணை செம்மானுக்கு மூன்று எண்களைச் சொன்னது: குண்டின் எடை 100 கிரெய்ன், வேகம் நொடிக்கு 2,450 அடி, ஆற்றல் 1,750 அடி-பவுண்டு, எதுவும் இதற்குக் குறையக் கூடாது. ஈயத்தை விட்டுச் செம்புக்கு மாற வேட்டைக்காரர்கள் முயன்றபோது எடை இடித்தது. அதே அளவுச் செம்புக் குண்டு ஈயத்தைவிட லேசானது. 2023இல் எடையை 80 கிரெய்னாகக் குறைத்தார்கள். வேகத்திலும் ஆற்றலிலும் கை வைக்கவில்லை.