டொக்டர் பிள்ளைக்கும் ஒரு பெருநாள் இருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. நான் செய்த ஒரு பிழையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

நோன்புப் பெருநாள் அன்று அஸருக்குப் பிறகு குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தேன். பெருநாள் பின்னேரம் நம்ம கடற்கரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐஸ்கிரீம் வேன், கடலை வண்டி, பலூன், புது உடுப்போடு மணலில் உருளும் பிள்ளைகள். சனம் குறைந்த ஒரு ஓரத்தில் பாய் விரித்து நம்ம ஊர் டொக்டர் பிள்ளை ஒருவர், கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். என்னிடம் ஓ.எல். விஞ்ஞானம் படித்தவர். அவரின் மகள் இப்போது எங்கள் பாடசாலையில் தரம் 4.

"சேர், சுகமா?" என்று எழும்பி நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபோனைத் திறந்து உம்மாவின் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டைக் காட்டினேன். "ரெண்டு நிமிசம் மகள், இதக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். உம்மா என்ன மருந்து குடிக்கிறா என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் கையில் மருந்துத் துண்டு. இன்னொருவர் குழந்தையின் வாயைத் திறந்து தொண்டையைக் காட்டுகிறார். ஒரு மூத்தம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு பாயிலேயே இருந்துவிட்டார். டொக்டரின் மகள் பட்டத்தையும் நூலையும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றது. மஃரிப் பாங்கு சொல்லும் வரை அந்தப் பட்டம் பறக்கவில்லை.

பாடசாலை தொடங்கியதும் அந்தப் பிள்ளையின் வகுப்பு டீச்சர் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். பெருநாள் தினம் பற்றிய கட்டுரை. கடைசி வரி இப்படி இருந்தது: "அடுத்த பெருநாளைக்கு எங்களைத் தெரியாத கடற்கரைக்குப் போவோம் என்று உம்மா சொன்னார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று பின்னேரமே கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "விடுங்க சேர், பழகிட்டு" என்றார். நான் விடவில்லை, பேசச் சொன்னேன்.

சுபஹுக்கு முதல் எழும்பி சமையல், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது, எட்டு மணிக்கு வாட். இரவு கடமை வந்தால் அடுத்த நாள் பின்னேரம்தான் வீடு. "அது தொழில் சேர். தெரிஞ்சுதான் வந்த. வெளியில போறதுதான் கஷ்டம். கலியாண வீட்டுக்குப் போனா சஹன்ல கை வைக்க முதல் ரிப்போட் வருது. போகாட்டி, டொக்டர் ஆனதும் பெருமை வந்துட்டு என்டு சொல்றாங்க. மையத்து வீட்டுலயும் பிரஷர் மருந்து கேட்டிருக்காங்க."

இதை வாசித்துவிட்டு, "அரசாங்கம் எங்கட வரிக்காசிலதானே படிப்பிச்சது" என்று சிலர் எழுதுவீர்கள். உண்மைதான். நானும் உங்கள் வரிக்காசில்தான் சம்பளம் எடுக்கிறேன். ஆனால் கலியாண வீட்டில் யாரும் என்னிடம் மகனின் கணக்குக் கொப்பியைத் திருத்தத் தந்ததில்லை. ஐந்து வருடம் மருத்துவ பீடம், ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, அதற்குப் பிறகு எங்கே போடுகிறார்களோ அங்கே வேலை. அதற்கான கடனை ஆஸ்பத்திரிக்குள்ளே அவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இது அவரின் சுகத்துக்காக மட்டும் சொல்வதல்ல. நம்ம உயிருக்காகவும்தான். மழைக் காலத்தில் டெங்கு கூடும்போது இரவு பதினொரு மணிக்கும் அவருக்கு வட்ஸ்அப்பில் ரிப்போட் போகிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிளேட்லெட் கணக்க மட்டும் பார்த்து ஒண்டும் சொல்ல ஏலாது சேர். காய்ச்சல் விட்ட பொறகுதான் சில பேருக்கு ஆபத்தே தொடங்கும். நாடி பார்க்கணும், பிரஷர் பார்க்கணும், சலம் எவ்வளவு போகுது என்டு பார்க்கணும். படத்துல அதொண்டும் இல்லையே."

என் உம்மாவின் கதையும் அதுதான். பிறகு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அரை நாள் போனது. அங்கே பிரஷர் அளந்தார்கள், கூடியிருந்தது. மருந்தை மாற்றினார்கள். கடற்கரையில் நான் காட்டிய ரிப்போட்டில் அது இருக்கவில்லை. "எல்லாம் நோர்மல்" என்று அன்று அவர் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், உம்மாவின் பிரஷர் ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

அடுத்தது விழாக்கள். இதில் எங்கள் பாடசாலையும் குற்றவாளிதான். பரிசளிப்பு விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, இரத்ததான முகாம், கழகத்தின் ஆண்டு விழா, எல்லாவற்றுக்கும் டொக்டர்தான் அதிதி. அழைப்பிதழில் மூன்று மணி என்று அடிப்போம். தொடங்குவது நாலரைக்கு. சொன்ன நேரத்துக்கு வந்தவர், இரவு கடமை முடித்து நேரே வந்தவர், வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துப் போட்டால் கௌரவித்ததாக நினைக்கிறோம். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு அனுப்புவதுதான் கௌரவம்.

பெண் வைத்தியர்கள் விஷயத்தில் நம்ம ஊர் இரண்டு நாக்கு வைத்திருக்கிறது. பிரசவத்துக்கு லேடி டொக்டர் வேண்டும் என்று கேட்பதும் நாம்தான். "இரவு இரவா வேலைக்குப் போறா, புள்ளைகள யாரு பாக்குற?" என்று கேட்பதும் நாம்தான். நம்ம வீட்டுப் பெண்ணுக்கு நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால், இன்னொரு வீட்டில் ஒரு உம்மா பிள்ளையை விட்டுவிட்டு எழும்பி வரத்தான் வேண்டும்.

டொக்டர்மார் எல்லாரும் மலக்குகள் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் முகம் கொடுத்துப் பேசாமல், பின்னேரம் பிரைவேட்டில் சிரித்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓ.பி.டி. வரிசையில் காலையிலிருந்து காய்கிற ஏழையின் கோபம் நியாயமானது. வகுப்பில் பாடம் நடத்தாமல் டியூஷனில் நடத்தும் ஆசிரியர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவில், எழுத்தில், கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். அதைக் கேட்காமல், நல்லவர் ஒருவரைக் கண்டால் கடற்கரையில் மறிப்பது எந்த வரிசையையும் குறைக்காது.

2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று பார்த்தோம். இந்தப் பிள்ளைக்கும் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். "உம்மா இங்க இருக்கா சேர்" என்று மட்டும் சொன்னார். அவர் எவ்வளவு காலம் இருப்பார் என்பதில் நம்ம நடத்தைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

செய்யக் கூடியது பெரிய விஷயமில்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுந்தால் டொக்டர் வீட்டுக் கேட்டைத் தட்டாதீர்கள். 1990க்கு அடியுங்கள், அம்பியுலன்ஸ் வரும், காசு இல்லை. மற்றவைக்குக் கிளினிக் இருக்கிறது. விழா வைத்தால் நேரத்துக்குத் தொடங்குவோம். எங்கள் பாடசாலையில் இந்த முறை அப்படித்தான் என்று அதிபரிடம் பேசிவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. அந்தக் குடும்பத்தைக் கடற்கரையில் கண்டால் சலாம் மட்டும் சொல்லிவிட்டு நடப்போம். அந்தப் பிள்ளை நம்ம கடற்கரையிலேயே பட்டம் விடட்டும்.