பப்ஸில் அரை முட்டை போதும்

மூன்று வருடங்களுக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிற அன்று டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "முட்டை சாப்பிடலாமா?" என்பதுதான்.

"தாராளமா. தினம் ஒண்ணு சாப்பிடுங்க."

அந்தத் தெம்பில், "அப்ப முட்டை பப்ஸ்?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சார், பப்ஸ்ல பிரச்சினை முட்டை இல்லை. அதைச் சுத்தி இருக்கிறதுதான்" என்றார். என் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்ததால் பேரம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் மாதத்துக்கு ஒன்று என்று முடிந்தது.

மாதத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு. அதில் ஒன்று நமுத்துப் போனதாக அமைந்தால் அடுத்ததற்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே நான் ஓசூரில் பப்ஸ் வாங்குவதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. முப்பத்து நாலு வருடம் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வெர்னியரும் கையுமாக இருந்தவன். பழக்கம் விடுமா?

ஓசூரில் இருப்பவர்களுக்கு ஒரு பாக்கியம். இரண்டு பேக்கரிப் பரம்பரைகள் இங்கே வந்து சந்திக்கின்றன. வடக்கே அத்திப்பள்ளி தாண்டி வருவது ஐயங்கார் பேக்கரி. பெங்களூர் சிக்பேட்டையில் ஹாசன் பக்கத்து திருமலாச்சார் 1898-ல் தொடங்கிய கடையிலிருந்து கிளைத்த வழி. காரா பன், வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பன் எல்லாம் அவர்கள் கைவண்ணம். ஆனால் அசல் ஐயங்கார் கடையில் முட்டை நுழையாது. வெஜ் பப்ஸோடு சரி. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தது மலையாளிகளின் பேக்கரி. தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1880-ல் பேக்கரி வைத்து, 1883-ல் ஒரு வெள்ளைக்காரருக்காக கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தாரே, அந்த வழி. முட்டை பப்ஸ் நமக்குக் கிடைத்தது இவர்கள் தயவில்தான். நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்கு முட்டை ஏற்றிப் போகும் லாரிகள் கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாக நம் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. ஊர் மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். சாயங்காலம் ஆனால் குளிர் காற்று. சூடாக ஒரு பப்ஸ் தின்ன இதைவிட என்ன வேண்டும்?

டீக்கடை முட்டை போண்டாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடலை மாவில் முக்கிப் பொரித்த முழு முட்டை. பசிக்கு நல்லது. ஆனால் மாவு தனியாக, முட்டை தனியாகக் கழன்றுவிடும். உள்ளே உப்பும் இருக்காது, காரமும் இருக்காது. அதைச் சட்னிதான் காப்பாற்றுகிறது.

இப்போது பப்ஸுக்கு வருகிறேன். ஊரில் மூன்று வகை விற்கிறார்கள். அரை முட்டை வைத்தது பழைய வகை. "ஃபுல் எக் பப்ஸ்" என்று போர்டு எழுதி ஏழெட்டு ரூபாய் கூட வாங்குவது புதிய வகை. மூன்றாவது, முட்டையைக் கொத்தி மசாலாவோடு பிசைந்து உள்ளே அடைத்தது. இந்த மூன்றாவது வகையை நான் தொடுவதே இல்லை. எத்தனை முட்டைக்கு எத்தனை பப்ஸ் என்று கடைக்காரருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

முழு முட்டை பற்றித்தான் நண்பர்களோடு எனக்கு ஓயாத சண்டை. "காசு கொடுக்கிறோம், முழுசா வச்சா நல்லதுதானே?" என்பார்கள். நல்லதில்லை. உருண்டையான முட்டையை மூடுவதற்கு மாவுத் தகட்டை இழுக்க வேண்டியிருக்கிறது. இழுத்த இடத்தில் அடுக்கு எழும்பாது. முட்டையின் பாரத்தில் அடிப்பக்கம் வேகாமல் சப்பாத்தி மாதிரி கிடக்கும். மசாலாவுக்கு இடம் போதாமல் ஓரத்தில் ஒரு ஸ்பூன் ஒதுங்கி நிற்கும். முதல் மூன்று கடி வெறும் மாவு, அடுத்த இரண்டு கடி வெறும் முட்டை. அரை முட்டையில் இந்தத் தொல்லை கிடையாது. வெட்டின பக்கம் கீழே பார்க்க வெங்காய மசாலாவின் மேல் கவிழ்த்து வைத்தால் மஞ்சள் கரு அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு வறளாமல் இருக்கும். ஒவ்வொரு கடியிலும் மூன்றும் வரும்.

வெட்டினால் இன்னொரு நன்மை, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மஞ்சள் கருவைச் சுற்றிக் கரும்பச்சையாக வளையம் ஓடியிருந்தால் முட்டையை அளவுக்கு மீறி வேகவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளையில் இருக்கும் கந்தகமும் மஞ்சளில் இருக்கும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் முட்டை அவனில் இன்னொரு தடவை வேகப்போகிறது என்ற ஞாபகமே இல்லாத கடை அது என்று நான் குறித்துக்கொள்வேன்.

முன்னே ஒரு விஷயம் நடந்தது. எண்பதுகளின் கடைசி. முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு கேட்டுக்கு வெளியே வந்தால் எதிர் பேக்கரியில் தட்டு அப்போதுதான் அவனிலிருந்து இறங்கியிருக்கும். என்னோடு கெலமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் வேலை பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைவிட இரண்டு வயது சிறியவர், என்னை அண்ணா என்பார். சம்பள வாரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பப்ஸ் வாங்குவோம். அவர் சுற்றியிருக்கும் மாவை டீயோடு தின்றுவிட்டு, அரை முட்டையை மசாலாவோடு அலுங்காமல் எடுத்து டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடிவிடுவார். இவருக்கு முட்டை ஆகாது போலிருக்கிறது, வீட்டில் பூனைக்கோ நாய்க்கோ போடுகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை, "உங்களுக்கு வேணாம்னா எனக்குக் குடுங்க" என்று கேட்டேன். ஒரு நொடி தயங்கிவிட்டுக் கொடுத்துவிட்டார். நானும் தின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராகி வாங்குவதற்காக அவர் ஊருக்குப் போயிருந்தேன். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தது. நான் ஓசூரில் அப்பாவோடு வேலை செய்கிறவன் என்று தெரிந்ததும், "நேத்து கடையில முட்டை ஆயிப்போச்சா?" என்று என்னிடம் கேட்டது. அவர் உள்ளேயிருந்து, "ஆமாம்மா, ஆயிப்போச்சு" என்று குரல் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பச்சை முட்டை ஊரிலேயே கிடைத்திருக்கும். நாலு கோழி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. அந்தக் குழந்தைக்கு வேண்டியது பேக்கரி முட்டை. அதற்குப் பிறகு நான் இரண்டு பப்ஸ் வாங்க ஆரம்பித்தேன், ஒன்றை அவருக்குப் பொட்டலமாக. இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. கொத்து முட்டை பப்ஸ் மீது எனக்கு இருக்கும் கோபத்தில் இதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதிலிருந்து முட்டையை யாருக்கும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

நான்கைந்து வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். அங்கே கடைக்குக் கடை ஸ்காட்ச் எக் என்று ஒன்று விற்கிறார்கள். அவித்த முழு முட்டையைச் சுற்றிப் பன்றிக்கறிக் கொத்தை அப்பி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. லண்டனில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் என்ற பழைய கடை 1738-லேயே தாங்கள்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறது. நம் பக்கத்து நர்கிஸி கோஃப்தாவின் வாரிசுதான் அது என்று சொல்கிறவர்களும் உண்டு. கோஃப்தாவைப் பாதியாக வெட்டினால் வெள்ளையும் மஞ்சளுமாக நர்கிஸ் பூப்போல இருக்கிறது என்பதால் அந்தப் பெயர். பாருங்கள், பெயரே பாதியாக வெட்டியதற்குத்தான்! சூப்பர் மார்க்கெட் ஸ்காட்ச் எக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஜில்லென்று தின்கிறார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அப்படித் தின்றதைப் பார்த்து எனக்குப் பல் கூசியது. சின்னச் சின்ன உருண்டையாகவும் விற்கிறார்கள். அதில் முட்டையைக் கொத்தி மயோனிஸோடு பிசைந்திருக்கிறது. அங்கேயும் அதே பித்தலாட்டம்! மகன் பப் ஒன்றுக்கு அழைத்துப்போய்ச் சூடாக வாங்கிக் கொடுத்தான். கத்தி வைத்ததும் மஞ்சள் கரு லேசாக வழிந்தது. அது நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

2020 கடைசியில், கொரோனா கட்டுப்பாட்டு நாட்களில், அந்த ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. பல பகுதிகளில் பப்பில் மது கொடுக்க வேண்டுமென்றால் கூடவே கணிசமான சாப்பாடும் வாங்கியிருக்க வேண்டும் என்று விதி. ஸ்காட்ச் எக் சாப்பாடாகுமா என்று கேள்வி வந்தது. ஜார்ஜ் யூஸ்டிஸ் என்ற அமைச்சர் ஆகும் என்கிற மாதிரி சொன்னார். மைக்கேல் கோவ் என்ற அமைச்சர் முதலில் அது வெறும் ஸ்டார்ட்டர் என்றார், பிறகு சாப்பாடுதான் என்று மாற்றிச் சொன்னார். நாடே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. சிப்காட் பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒப்பந்த வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் பிள்ளைகள், பேக்கரி வாசலில் நின்றபடி ஒரு பப்ஸும் டீயும் முடித்துக்கொண்டு அறைக்குப் போகிறார்கள். ராத்திரிச் சாப்பாடு அவ்வளவுதான். அதில் உருப்படியான பொருள் அந்த அரை முட்டை ஒன்றுதான், மூன்று கிராம் புரதம். மிச்சமெல்லாம் மைதாவும் கொழுப்பும். தயாரிப்பில் உண்டாகிற டிரான்ஸ் கொழுப்பு, மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் வனஸ்பதி வனஸ்பதிதான். எல்லா பேக்கரிக்காரர்களிடமும் நான் சொல்லி வருகிறேன்: அவித்த முட்டையை மிளகு உப்பு தூவித் தனியாகவும் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், காரா பன்னோடு பிள்ளைகள் இரண்டு வாங்கித் தின்னட்டும். ஒருவர் வைத்திருக்கிறார். ராயக்கோட்டை ரோட்டில். மற்றவர்கள் தலையாட்டியதோடு சரி.

சாப்பிடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், தட்டு இறங்கும் நேரத்தைக் கேளுங்கள். அவன் சூட்டில் மாவுக்குள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகித் தகடுகளைத் தூக்கி நிறுத்துகிறது, அதுதான் அடுக்கு. முக்கால் மணி நேரம் தாங்கும். அதற்குமேல் மசாலாவின் ஈரம் ஏறிவிடும். ஆறினால் வனஸ்பதி உறைந்து அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். "சூடு பண்ணித் தரட்டுமா சார்?" என்று மைக்ரோவேவ் பக்கம் கை நீட்டினால் உடனே தடுத்துவிடுங்கள். அது உள்ளிருக்கும் ஈரத்தைக் கிளப்பி மாவில் ஏற்றிவிடும். இரண்டு நிமிடத்தில் பப்ஸ் தோல் செருப்பாகிவிடும். முழு முட்டை என்றால் வெடிக்கவும் செய்யும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறிப்போனால் தோசைக்கல்லைச் சின்னத் தீயில் வைத்து, எண்ணெய் விடாமல், மூடாமல், பக்கத்துக்கு நாலு நிமிடம் போடுங்கள். சாஸ் வேண்டாம், அந்த இனிப்பில் மசாலா செத்துவிடும். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தின்று முடித்த பிறகு குடியுங்கள். நுனியிலிருந்து தொடங்கி முட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். இதில் மட்டும் யாரோடும் சண்டைக்கு வரமாட்டேன்.

இந்த மாதப் பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது. பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் நாலே காலுக்குத் தட்டு இறங்குகிறது. நாளைக்கு மழை இல்லாவிட்டால் நடந்தே போய்விட்டு வரலாம் என்றிருக்கிறேன். நடந்தால் கணக்கில் கொஞ்சம் கழியும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.