பொன்முகலி சேர்த்த மணல்

நம் சங்கத்து நண்பர்கள் இருவர் சந்தித்தால், குடும்ப நலம் விசாரித்த பின் அடுத்த பேச்சு பெரும்பாலும் ஊரில் கட்டும் வீட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். சிமெண்டு விலை, கம்பி விலை, மேஸ்திரியின் கூலி எல்லாம் அலசப்படும். "நல்ல ஆற்று மணல்தானே?" என்றும் கேட்போம். "எந்த ஆற்று மணல்?" என்று கேட்பவர் மிகக் குறைவு. அந்தக் கேள்வியையும் நாம் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சித்தூர்க்காரன். எங்கள் பக்கத்து ஆறுகளில் பெயர் பெற்றது சுவர்ணமுகி. தமிழில் பொன்முகலி. கண்ணப்ப நாயனார் கதையில் வரும் ஆறு இதுதான். பாகாலா அருகே மலைகளில் தோன்றி, சந்திரகிரி, திருச்சானூர், காளத்தி வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி நீரில்லாமல் கிடப்பதால், பலர் இதை ஓர் ஆறாகவே எண்ணுவதில்லை. சும்மா மணல் கிடக்கும் இடம் என்று எண்ணிவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த மணல் சும்மா வந்ததன்று. திருமலைக்கு மலைப்பாதையில் பயணம் செய்தவர்கள், ஓரத்தில் வெட்டுண்டு நிற்கும் பாறைகளைப் பார்த்திருக்கலாம். அடியில் இருப்பது கிரானைட். மேலே அடுக்கடுக்காக இருப்பது குவார்ட்சைட் என்னும் பாறை. இரண்டும் சந்திக்கும் இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கீழ்ப்பாறைக்கும் மேல்பாறைக்கும் வயதில் ஏறத்தாழ 80 கோடி ஆண்டு இடைவெளி! அந்த மேல்பாறையும் ஒரு காலத்தில் மணல்தான். இன்னும் பழைய மலைகள் தேய்ந்து, நீர் கொண்டுவந்து படியவைத்த மணல், புதைந்து இறுகிப் பாறையாயிற்று. இன்று அந்தப் பாறையும் தேய்கிறது. திருமலையில் உள்ள சிலாதோரணம் என்னும் கல் வளைவு, மெலிந்த பகுதியை நீரும் காற்றும் தின்றதால் உண்டானது. அப்படித் தேய்ந்த துகளைத்தான் மலையோடைகள் பொன்முகலியில் கொண்டுவந்து சேர்க்கின்றன.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியதும் வெள்ளத்தின் வேகம் குறைகிறது. உருளைக் கற்கள் முதலில் நின்றுவிடும். அடுத்துப் பருமணல், பிறகு நுண்மணல். வண்டல் மட்டும் கடைசிவரை மிதந்து சென்று வயலிலும் கடல்முகத்திலும் படியும். கொத்தனார் விரும்பும் மணலை ஆறே சலித்து வைத்துவிடுகிறது. அதுவே அதற்கு வினையாகவும் முடிகிறது.

ஆற்றில் கிடக்கும்போது மணலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, நீரைச் சேமிப்பது. மணற்படுகையில் ஏறக்குறைய கால் பங்குக்குக் குறையாமல் இடைவெளிதான். அதில் தங்கும் நீரை வெயில் எளிதில் குடிக்க முடியாது. கோடையில் ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டி நம் முன்னோர் குடம் நிரப்பியதும், கரையோரக் கிணறுகள் வற்றாதிருந்ததும் இதனால்தான். மற்றொன்று, வெள்ளத்தின் சக்திக்கு ஈடு கொடுப்பது. ஓடும் நீர் எதையாவது சுமந்தே தீரும். சுமக்க மணல் இல்லையென்றால் கரையையும் பாலத்தின் அடிவாரத்தையும் அரிக்கும். படுகையில் பொக்லைன் வைத்துத் தோண்டிய பள்ளம் அங்கேயே நிற்பதில்லை. அடுத்த வெள்ளத்தில் அது ஆற்றின் மேற்பக்கமாக அரித்துக்கொண்டே போகும்.

2021 நவம்பரில் திருப்பதிப் பகுதியில் கொட்டிய பெருமழையில், திருச்சானூரில் ஆற்றோர வீடு ஒன்று கரை அரிக்கப்பட்டு வெள்ளத்தில் சரிந்ததைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். மழையின் மிகுதியும், ஆற்றை நெருக்கிக் கட்டியதும் அதற்குக் காரணங்கள். எல்லாப் பழியையும் மணல் லாரியின் மேல் போட நான் தயாரில்லை. ஆனால் படுகை தாழத் தாழக் கரை செங்குத்தாகும், செங்குத்தான கரை எளிதில் சரியும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆந்திரத்தின் நீர், நிலம், மரங்கள் சட்டம் 2002-ல் வந்தது. சிறு மணல் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் கூறியது. இதற்கிடையே ஆந்திர அரசு 2016-லும், மீண்டும் 2024 ஜூலையிலும் இலவச மணல் கொள்கையை அறிவித்தது. ஏழை வீடு கட்டச் செலவு குறைய வேண்டும் என்னும் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மாட்டு வண்டியில் ஏழை அள்ளும் மணலால் ஆறு அழிந்துவிடாது. ஆனால் "இலவசம்" என்ற சொல்லே ஆபத்தானது. லாரிக்காரர் கொடுக்காத விலையை, கிணறு வற்றிய விவசாயி பிறகு கொடுக்கிறார்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், எல்வா ஆற்றின் இரு அணைகளை 2011-லிருந்து 2014-க்குள் அகற்றினார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த மணலும் வண்டலும் கீழே ஓடின. அதுவரை அரிக்கப்பட்டு வந்த ஆற்றுமுகத்தில் மறுபடி மணற்கரை வளர்ந்தது. மணல் கிடைத்தால் ஆறு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஊரில் வீடு கட்டும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் இப்போது கிடைக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 இந்தியத் தரம் அதற்கு இடம் தருகிறது. அதையே வாங்கச் சொல்லுங்கள்; தரச் சான்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு மலையிலிருந்து வருவதுதான். ஆகவே ஆண்டுக்கு இரண்டு வாரம் தங்குவதற்காக மூன்று மாடி எழுப்புவதையும் சற்று யோசிக்கலாம்.

பணம் அனுப்புகிறவர் சொன்னால் மேஸ்திரி கேட்பார். அந்தச் செல்வாக்கை நம் ஆறுகளுக்காக ஒரு முறை பயன்படுத்துவோமே!